ஐந்து ரூபாய்ச் சீட்டும் ஒன்றேகால் இலட்ச ரூபாய் மருந்தும்

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரிலுள்ள மகாராஜா யஷ்வந்த்ராவ் அரசு மருத்துவமனைக்கு, 2009ஆம் ஆண்டு, நெஞ்சுவலியால் துடித்த பெண்ணொருவரை அவருடைய தலித் குடும்பத்தினர் அழைத்துச் சென்றனர. வழக்கமாகத் தங்களுக்குக் கிடைப்பது ஐந்து ரூபாய்ச் சீட்டுதான் என்றும், அன்றோ ஒன்றேகால் இலட்ச ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டு மருந்து இலவசமாகத் தரப்படும் என்று மருத்துவர் சொன்னதால் தாங்கள் வியந்துபோனதாகவும் அக்குடும்பத்தினர் 2012இல் பிபிசியிடம் கூறினர். அது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பெண் சில வாரங்களில் இறந்துபோனார். மருந்துதான் காரணமா என்பது தனிக் கேள்வி. எவ்வித ஐயமுமின்றி அக்குடும்பம் ஏன் சம்மதித்தது என்பதே நமது கேள்வி.

விடை அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டிலேயே இருக்கிறது. ஒரு மருத்துவமனை காலமெல்லாம் ஒரு மக்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒருநாள் மட்டும் உள்ளே அழைத்து நாற்காலி போட்டால், அந்த அழைப்பை மறுக்க யாருக்குத் துணிவு வரும்? மருத்துவ ஆய்வின் அறநூல்கள் ‘தகவலறிந்த ஒப்புதல்’ பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆனால் மறுப்பு நிறைந்த வாழ்க்கையிலிருந்து பிறக்கும் ஒப்புதலை எப்படி எடைபோடுவது என்பதைப் பற்றி அவை மிகக் குறைவாகவே பேசுகின்றன.

இந்தூர் ஊழலாக வெளிவந்தது. மாநில அரசு பன்னிரண்டு மருத்துவர்களுக்கு, சோதனை விவரங்களை அளிக்காததற்காக, தலைக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தொகையைப் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை. விதிகளை மீறியவர்களைக் காட்டிலும், விதிகளுக்கு உட்பட்டே நடந்ததாகச் சொல்லப்படும் ஆய்வுகள்தாம் நம்மை அதிகம் யோசிக்க வைக்கின்றன.

நம் திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அம்மாவட்டத்தின் 30 முதல் 59 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த பெரும் ஆய்வு நடந்தது. கருப்பைவாயில் அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்ணிற மாற்றம் தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அது. ஒரு பிரிவில் 49,311 பெண்கள். அவர்களுக்குச் சோதனை வாய்ப்பு வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவில் 30,958 பெண்கள்; அவர்களுக்கு வழக்கமான நிலையே தொடர்ந்தது. 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு: சோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைவு. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. செவிலியரே செய்யக்கூடிய, செலவு குறைந்த இச்சோதனையைத் தமிழ்நாடு அரசு பின்னர்த் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுதும் விரிவுபடுத்தியது. இன்று பல பெண்கள் உயிரோடிருப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

எனினும், இறப்பு குறைந்தது என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? சோதிக்கப்படாத பெண்களின் இறப்போடு. திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பையின் சேரிப் பகுதிகள் ஆகிய மூன்று இடங்களிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளின் ‘கட்டுப்பாட்டு’ப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,38,000 பெண்கள் இருந்தனர், அவர்களுள் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் மாண்டனர். மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் ‘பாப்’ சோதனை இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து வந்திருக்க, இப்பெண்களை எச்சோதனையுமின்றி விட்டது சரியா என்று விமர்சகர்கள் கேட்டனர். ஆய்வாளர்களின் பதில் சுருக்கமானது: இந்தியக் கிராமங்களிலும் சேரிகளிலும் நடைமுறையில் எச்சோதனையும் கிடையாது, ஆகவே அவர்களிடமிருந்து நாங்கள் எதையும் பறிக்கவில்லை.

இந்தப் பதிலைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு சேரிப் பெண்ணுக்குப் புற்றுநோய்ச் சோதனை கிடையாது என்பது மழை பெய்யாததைப் போன்ற இயற்கை நிகழ்வன்று. எந்த ஊரில் சுகாதார நிலையம், எந்தத் தெருவுக்குச் செவிலியர், யாரைத் தொட்டுப் பார்ப்பது என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்துவந்த ஒரு சமூகம் உண்டாக்கிய நிலை அது. ஆய்வுத் திட்டத்தில் இடம்பெறும்போது அந்நிலை ‘உள்ளூர் வழக்கமான பராமரிப்பு’ என்று பெயர் மாறுகிறது. அநீதி அளவுகோலாகிவிடுகிறது. இதில் எந்த மருத்துவரும் தீயவராக இருக்க வேண்டிய தேவையில்லை என்பதுதான் கசப்பான செய்தி.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததை இதற்கு அடுத்த படியாகவே பார்க்கிறோம். அதே புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி, ‘செயல்விளக்கத் திட்டம்’ என்ற பெயரில் 10 முதல் 14 வயதுச் சிறுமியர் சுமார் 14,000 பேருக்கு அங்கே போடப்பட்டது. அவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் குழந்தைகள். அங்கும் குஜராத்தின் வடோதராவிலுமாக ஏழு சிறுமியர் இறந்தனர். தடுப்பூசி அம்மரணங்களுக்குக் காரணமன்று என விசாரணைக் குழு கூறியது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வேறொன்றைப் பதிவு செய்தது: ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர், 1,948இல் கைநாட்டு. பெற்றோர் தொலைவில் இருக்கும் குழந்தை, அரசின் கூரையின்கீழ் உறங்கும் குழந்தை, எளிதில் கிடைக்கும் குழந்தை ஆகிவிட்டது. தடுப்பூசி நல்லதுதான். நல்ல பொருளை ஒருவருக்குத் தருவதற்கும் அவரைக் கேட்கத்தான் வேண்டும்.

2005 முதல் 2012 வரை புதிய மருந்துச் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றுள் 80 மரணங்களே சோதனையால் நேர்ந்தவை என்றும் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவர்களுள் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? சொல்ல முடியாது, ஏனெனில் யாரும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படியான ஒப்புதல் படிவம் கல்வியைக் கேட்கிறது, தொழிலைக் கேட்கிறது, ஆண்டு வருமானத்தையும் கேட்கிறது. சாதியைக் கேட்பதில்லை. பள்ளிச் சேர்க்கை முதல் சுடுகாடு வரை சாதி கேட்கும் நாட்டில் இங்கு மட்டும் ஏன் இந்த நாகரிகம்?

அதே விதிகளின் இழப்பீட்டுச் சூத்திரத்தையும் பார்க்க வேண்டும். எட்டு இலட்ச ரூபாய் அடிப்படைத் தொகையை வயதுக்கான காரணியாலும் நோயின் தீவிரத்துக்கான காரணியாலும் பெருக்கி, இறந்தவரின் குடும்பத்துக்குரிய தொகை கணிக்கப்படுகிறது. நலமாயிருந்து சோதனைக்கு வந்தவருக்குத் தீவிரக் காரணி 4; ஆறு மாதங்களுக்கு மேல் வாழமாட்டார் என்று கருதப்படும் நோயாளிக்கு 0.5. ஒரே வயதுடைய இருவரில் ஒருவரின் உயிர் மற்றவரின் உயிரில் எட்டில் ஒரு பங்கு. முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர் என்றால், வயது எதுவாயினும் இரண்டு இலட்சம். காப்பீட்டுக் கணக்காக இதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம். ஆனால் நம் மக்கள் மருத்துவமனைக்கு எப்போது வருகிறார்கள்? கூலியை இழக்க முடியாமல், பேருந்துக் கட்டணமின்றி, முன்பொருமுறை பட்ட அவமதிப்பை மறக்க முடியாமல், நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். தாமதத்தை உண்டாக்கியது சமூகம். அதற்கான கழிவு பிணத்தின் மீது.

பெருநிறுவன மருந்துச் சோதனைகளைப் பற்றியாவது நீதிமன்றத்தில் பேச்சு நடந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அன்றாடம் நடக்கும் சிறு ஆய்வுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மயக்கவியல் என எத்துறையாயினும் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் ஆய்வுக்கட்டுரைகள் வேண்டும். இவ்வளவு ஆய்வுக்கும் உடல்கள் பொது வார்டிலிருந்தே வருகின்றன. ஒப்புதலைப் பெறுபவர் பெரும்பாலும் சிகிச்சை அளிக்கும் அதே இளம் மருத்துவர்தான். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தைப் புதிய பயன்பாட்டுக்கோ புதிய அளவிலோ சோதிக்கும் கல்விசார் ஆய்வுக்கு ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிகூடத் தேவையில்லை. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஏற்றால் போதும். அக்குழுவில் ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், ஒரு பொதுமனிதர் இருக்க வேண்டும் என்கிறது விதி. வார்டில் படுத்திருப்பவர்களின் சமூகத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

ஆய்வே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடன்று. மத்திய இந்தியாவின் பழங்குடியினரையும் தலித்துகளையும் வாட்டும் அரிவாள் செல் சோகைக்கு ஒன்றிய அரசு தேசிய ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியதே 2023இல்தான். நம் நோய்கள் ஆய்வுக்குக் காத்திருக்கின்றன. நம் உடல்களோ காத்திருக்க விடப்படுவதில்லை. எனவே தேசிய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் ஒவ்வோர் ஆய்வும், பங்கேற்றோரில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைத் தனிநபர் அடையாளமின்றி வெளியிட வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் அச்சமூகத்தினருக்கு இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பிரிவில் வைக்கப்பட்டவர்களுக்கு, வெற்றியடைந்த சிகிச்சை எந்தத் தேதிக்குள், யார் செலவில் கிடைக்கும் என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கோரிக்கைக்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. அடுத்த மாதம் கூடும் எந்த நெறிமுறைக் குழுவும் அதை ஒரு நிபந்தனையாக விதிக்கலாம்.