யோகி பெர்ரா கோமாளி அல்ல

யோகி பெர்ராவின் ‘பொன்மொழிகள்’ என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகிறது. எனக்கே நாலைந்து முறை வந்துவிட்டது. சிலவற்றை அவர் சொன்னது உண்மை. மற்றவை யாரோ எழுதி அவர் தலையில் கட்டியவை. என் பெயரில் உலவுவதையெல்லாம் நான் சொல்லவில்லை என்று அவரே சொல்லிப் பார்த்தார். அதையும் ஒரு ஜோக்காக்கிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்! அனுப்புகிறவர்களைக் கேட்டால் அவர் யாரென்று தெரியாது. ஒருவர் கார்ட்டூன் கரடி என்றார். கரடி வந்தது 1958-இல். மனிதர் அதற்கு முன்பே பெரும் புகழோடு இருந்தார்.

என்னைப்போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘லாபாலிசாத்’ என்ற சொல் நினைவிருக்கும். ‘மழை பெய்தால் நனையும்’ என்பதுபோல், சொல்லவே தேவையில்லாததைச் சொல்வது. மார்ஷல் லா பாலிஸ் 1525-இல் பவியா போரில் மாண்ட பெரும் வீரர். பின்னாளில் அவர் பெயரில் கட்டிய ஒரு கேலிப்பாட்டால் வீரம் மறந்து அசட்டுப் பேச்சுக்கு மட்டும் அவர் பெயர் நின்றுவிட்டது. பெர்ராவுக்கும் அதே அநியாயம்தான் நடக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரில் இத்தாலியக் குடியேறிகளின் பேட்டையில் 1925-இல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ‘யோகி’ என்ற பெயருக்கு நாம்தான் காரணம். இந்தியாவைப் பற்றிய ஒரு படத்தில் சம்மணமிட்ட யோகியைப் பார்த்த நண்பன், பேட் பிடிக்கத் தன் முறை வரும்வரை கைகால் மடக்கி உட்கார்ந்திருக்கும் இவரை அப்படிக் கூப்பிட்டான். பத்தொன்பது வயதில், 1944 ஜூன் 6 அன்று, நார்மண்டி கரைக்கு எதிரே ஒரு சிறு ராக்கெட் படகில் நின்றார். பிரான்சை மீட்ட அன்று குண்டு மழையில் நின்றவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அவர் தொழில். பேஸ்பாலில் கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்பார்கள். அது பாதிதான் சரி. பந்து எறியும் பிட்சருக்கு அடுத்து என்ன பந்து, எந்த இடத்தில் என்று விரலால் சைகை காட்டுவது கேட்சர். எதிரணியின் ஒவ்வொரு பேட்ஸ்மேனின் பலவீனமும் அவர் மண்டைக்குள் இருக்க வேண்டும். மைதானம் முழுவதையும் எதிர்நோக்கி உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவரே. அதுவும் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு.

1956 அக்டோபர் 8, உலகத் தொடர். யாங்கீஸ் பிட்சர் டான் லார்சன் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூட முதல் பேஸை எட்டாமல் வரிசையாக வெளியேற்றினார். உலகத் தொடரில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை. பெர்ரா காட்டிய எந்தச் சைகையையும் தான் மறுக்கவில்லை என்றார் லார்சன். அந்த ஆட்டத்தைத் திட்டமிட்ட மூளை எது?

பேட்டிங்கும் சாமானியமல்ல. 1950-இல் 597 முறை அடிக்க நின்று, மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானது 12 முறைதான். ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. ஆட்டக்காரராகப் பத்து உலகத் தொடர் வெற்றிகள். இன்றுவரை வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை.

‘தன் கோமாளிப் பெயரை விளம்பரங்களில் அவரே விற்றாரே’ என்பார்கள். விற்றார். அவர் பெயர், அவர் விற்றார், உங்களுக்கென்ன? அந்தப் பேச்சிலும் பொருள் உண்டு. பாதை இரண்டாகப் பிரிந்தால் அதில் போ என்றது மான்ட்கிளேரில் தன் வீட்டுக்கு வழி சொல்லும்போது. எந்தக் கிளையில் போனாலும் வீடு வந்துவிடும். முடியும்வரை முடியவில்லை என்ற பேச்சு 1973-இன் கதை. அவர் மேலாளராக இருந்த மெட்ஸ் அணி ஆகஸ்ட் கடைசியிலும் கடைசி இடத்தில் கிடந்தது. அங்கிருந்து ஏறி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போனது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அவர் பேசும் பிரெஞ்சை அதிகாரிகள் கூடிக்கூடி நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். கோப்பு தொலைந்தால் மட்டும் அவர் வேண்டும். இலக்கணம் தெரிந்தவனே அறிவாளி என்ற இந்தத் திமிர் எல்லா ஊரிலும் உண்டு.

1964-இல் யாங்கீஸ் மேலாளராக அணியை உலகத் தொடர்வரை கொண்டுபோனார் பெர்ரா. ஏழாவது ஆட்டத்தில் தோற்றதும் மறுநாளே வேலை போயிற்று. மறுபடி கூப்பிட்டார்கள். 1985-இல், பருவம் முழுவதும் நீர்தான் என்று வாக்களித்த உரிமையாளர் ஸ்டைன்பிரென்னர், 16 ஆட்டத்திலேயே நீக்கினார். அதையும் நேரில் சொல்லாமல் ஆள் அனுப்பிச் சொன்னார். கோமாளியாக இருந்தால் சிரித்துவிட்டு மறுநாள் வந்திருப்பார். பெர்ரா பதினான்கு ஆண்டு அந்த மைதானத்தில் கால் வைக்கவில்லை. 1999 ஜனவரியில் ஸ்டைன்பிரென்னரே தேடி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் இறங்கினார்.

அந்த ஜூலை 18 அன்று யாங்கீஸ் மைதானத்தில் அவருக்கு விழா. லார்சன் சம்பிரதாயப் பந்தை எறிய, எழுபத்து நான்கு வயதுப் பெர்ரா பிடித்தார். பிறகு ஆட்டம் தொடங்கியது. யாங்கீஸ் பிட்சர் டேவிட் கோன் அன்று எதிரணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார்.