சாண் அகலத்தில் ஒரு சுவர்



வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு எழும்புகிறது. நிலை வைத்து, தளம் போட்டு, சுண்ணாம்பு பூசி முடித்த பின்னர் கடைசியாக வருவது சுற்றுச்சுவர். கையிருப்பு கரைந்து, வீட்டுக்காரர் விடுப்பு முடிந்து திரும்பும் நாளும் நெருங்கிவிடும். மேஸ்திரி வந்து கயிறு பிடிப்பார். “பழைய வேலி இருந்த இடத்திலேயே போட்டுவிடலாமா?” என்று கேட்பார். “போடுங்கள்” என்று ஒரு சொல்லில் விடை கிடைக்கும். வீடு கட்டுவதற்கு வரைபடமும் அனுமதியும் ஆலோசனையும் தேடியவர்கள், அண்டை வீட்டாரோடு தலைமுறை தலைமுறையாக நிற்கப்போகும் சுவரை அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

வழக்கமான செங்கல் சுவரின் தடிப்பு 9 அங்குலம். நம் முன்னோர் கணக்கில் அது ஒரு சாண். 60 அடி நீளமுள்ள ஓர் எல்லையில் சுவர் முழுவதும் பக்கத்து மனையில் விழுந்துவிட்டால் 45 சதுர அடி போய்விடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடியாதலால் இது ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. “இந்தச் சிறு துண்டுக்காகவா?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவருடைய கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்னும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இதனை அறிவித்த சயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் மீதே ஒரு பெண்மணி நில வழக்குத் தொடுத்தபோது, இந்த நபிமொழியை எடுத்துக் கூறி, தகராறுக்குரிய நிலத்தை அப்பெண்ணிடமே விட்டுவிடுமாறு சொல்லிவிட்டார்கள். ஏக்கர் கணக்கைச் சொல்லாமல் சாணைச் சொன்னதில் எத்துணை நுட்பம் இருக்கிறதென்பது, செங்கல்லைக் கையில் எடுக்கும்போதுதான் நமக்குப் புலனாகிறது.

நாட்டுச் சட்டம் வேறொரு வழியில் செல்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் பிறர் நிலத்தை வெளிப்படையாக, தமதென்று உரிமை கொண்டாடி, இடையறாது 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், உண்மை உரிமையாளர் அதனை மீட்க வழக்கிடும் உரிமையை இழந்துவிடுவார். அயல்நாட்டில் இருப்பவருக்கும், வழக்குக்கு அஞ்சும் விதவைத் தாய்க்கும் 12 ஆண்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நீதிமன்றத்தில் தமதாகிவிட்ட நிலம் அல்லாஹ்வின் சந்நிதியிலும் தமதாகிவிட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

முன்னாளில் இச்சிக்கல் இத்துணைக் கடுமையாக இருந்ததில்லை. பனையோலை வேலியும், கிளுவை வேலியும், முள்வேலியும் நிலையானவையல்ல. ஓலை மக்கும், முள் உதிரும், புதிதாகக் கட்டும்போதெல்லாம் இரு வீட்டாரும் எல்லையில் நின்று பேசியாக வேண்டும். கோடு சற்றே நகர்ந்திருந்தால் அப்போதே திருத்திக்கொள்ளலாம். கிளுவைக் கழியோ நட்ட இடத்தில் வேர்விட்டு ஆண்டுக்காண்டு பருத்துப் பக்கவாட்டில் படரும். ஆகவே பழைய வேலி இருந்த இடம் எல்லைக்கு உறுதியான சான்றாகாது. அதன் மீதே சிமெண்டுச் சுவர் எழுப்பிவிட்டால், அரையடிப் பிழையும் கல்லாக இறுகிவிடும்.

ஆதலால் கயிறு பிடிக்கும் முன்னர் ஆவணங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு வடக்கு’ என்று நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும். பத்திரத்தில் கண்ட பரப்பளவும் நான்கெல்லையும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றங்கள் முதன்மை தருகின்றன. நில அளவைத் துறையின் புலப்பட நகலைப் பெற்று, உரிய கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், அரசு நில அளவர் அண்டை நிலத்தார்க்கும் அறிவிப்பு அனுப்பி அளந்து காட்டுவார். இது 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் வழிவந்த முறை. அளவு நடக்கும் நாளில் அண்டை வீட்டாரை அழைத்து அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அறிவிப்புக் கடிதம் சட்டத்துக்குப் போதும். மன நிறைவுக்குப் போதாது. அரசு நட்ட எல்லைக் கல்லைப் பெயர்ப்பதோ அழிப்பதோ ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் கொத்தனார்களுக்குச் சொல்லி வையுங்கள். வானம் தோண்டும்போது தடையாக இருக்கும் கல்லைத் தூக்கி எறிவது அவர்களுக்குப் பழகிய செயல்.

எல்லை தெரிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சும்: சுவர் கோட்டின் மீதா, கோட்டுக்கு உட்புறமா? இருவரும் இசைந்தால் ஆளுக்கு நாலரை அங்குலம் விட்டுக் கோட்டின் மீது எழுப்பலாம், செலவும் பாதியாகும். இசைவில்லையெனில் சுவர் முழுமையும் நம் மனைக்குள்ளேயே நிற்க வேண்டும். சுவர் என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும் 9 அங்குலத்தை மட்டுமன்று. அதனைத் தாங்கும் அஸ்திவாரம் அதைவிட அகன்றது. மேலே சுவர் நேர்மையாக நிற்க, மண்ணுக்கடியில் கான்கிரீட் பாதம் பக்கத்து மனைக்குள் நீண்டு கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் மிகப் பல. அவர் நாளை வீடு கட்டத் தோண்டும்போதுதான் அது வெளிப்படும்; அன்று தொடங்கும் மனத்தாங்கல்.

தெருப் பக்கச் சுவருக்கு ஊராட்சியோ நகராட்சியோ வகுத்த விதிகள் பொருந்தும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்கு அடிப்படை. அவ்வப்போது திருத்தப்படும் விதிகளாதலால் சுவரின் உயரம், தெருமுனை மனையில் விட வேண்டிய இடம் ஆகியவற்றை உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி. வாசற்படியையும் வண்டி ஏறும் சரிவையும் சாக்கடைக்கு மேலாகத் தெருவில் நீட்டுவதை நாம் ஆக்கிரமிப்பு என்றே நினைப்பதில்லை. பாதையின் அகலத்தில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடுமாறு தீர்ப்புரைத்த நபியின் உம்மத்தல்லவா நாம்? முழத்துக்கு 18 அங்குலம் எனக் கொண்டால் அது பத்தரை அடி. நம் தெருக்கள் சிலவற்றில் இன்று ஜனாஸாவைத் தூக்கிச் செல்லவும் ஒருக்களிக்க வேண்டியிருக்கிறது.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு செய்தி. நமக்குச் சுற்றுச்சுவர் திருடனுக்காக மட்டும் எழுப்பப்படுவதன்று. பெண்களின் மறைவுக்காகவும் எழுப்பப்படுவது. பக்கத்து வீட்டு மாடிச் சன்னல் நம் முற்றத்தைப் பார்த்தால் சட்டம் துணை வருமா? 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அப்பகுதியின் வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, அத்தகைய மறைவுரிமையை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றமோ 1890களில் வந்த ஒரு வழக்கில், சன்னல் திறந்து பார்வைக்கு இடமளிப்பது மட்டும் வழக்கிடத்தக்க தீங்காகாது என்று கூறிவிட்டது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஓர் ஊரில் அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் மறைவுரிமை உண்டென்பதை ஓர் எடுத்துக்காட்டாகவே தந்திருக்கிறது, மெய்ப்பிப்பதுதான் கடினம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என அறிவித்தது உண்மையே. ஆயினும் அவ்வழக்கின் வினா அரசுக்கும் குடிமகனுக்கும் இடைப்பட்டது. அண்டை வீட்டுச் சன்னலுக்கு நடைமுறை மருந்து, நம் மனைக்குள் நாம் எழுப்பும் மறைப்பே.

அங்கும் ஓர் எல்லை உண்டு. அவர் வீட்டுச் சன்னல் 20 ஆண்டுகளாகத் தடையின்றி, உரிமையோடு வெளிச்சமும் காற்றும் பெற்று வந்திருந்தால், அதே சட்டத்தின்படி அது அவருக்கு உரிமையாகிவிடும். கணிசமாகத் தடுக்கும் சுவரை எதிர்த்து அவர் வழக்கிடலாம். நேற்றுத் திறந்த சன்னலுக்கு அவ்வுரிமை இல்லை. எனினும் சுவரை உயர்த்துவதற்கு முன்னர், “சன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடி போட்டுக்கொள்கிறீர்களா? செலவை நான் தருகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். சுவரை விட அது மலிவு. அவர் வீட்டில் இருட்டும் விழாது.

நடைபாதைக்கும் இந்த 20 ஆண்டுக் கணக்கு பொருந்தும். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே ‘முடுக்கு’ என்னும் ஒடுங்கிய சந்துகள் இருப்பதை அறிவீர்கள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்வர உதவியவை அவை. மறைவையும் உறவையும் ஒருசேரக் காத்த ஏற்பாடு அது. வீட்டுக்கு வீடு சற்று இடம் விட்டதால் உண்டான பாதை, இருபுறமும் ஒரு சாண் முன்னே வந்தாலே ஒன்றரை அடி குறைந்துவிடும். பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில் நான்கெல்லையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள். உம்மாமார் பேசி வாழ்ந்த சந்தைப் பிள்ளைகள் சுவரெழுப்பி மூடினால், இழப்பது பாதையை மட்டுமா?

அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிக்க வந்தால் தடுக்க வேண்டாமென்பதும் நபிமொழியே. இமாம் அஹ்மத் அவர்கள் இதனைக் கட்டாயக் கடமையாகக் கொண்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்காலத் தீர்ப்பில் இது விரும்பத்தக்கது; உரிமையாளரின் அனுமதி வேண்டும். எந்த மத்ஹபினராயினும், சுவரின் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிக்கும் பழக்கத்துக்கு இதில் எங்கே இடமிருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. பந்து எடுக்க ஏறும் பையனின் கையைத்தான் அது கிழிக்கிறது.

பொதுச்சுவர் என்று இருவரும் இசைந்தால் வாய்ச்சொல்லோடு நிறுத்தாதீர்கள். யார் நிலத்தில் எத்தனை அங்குலம், பழுது பார்க்கும் செலவு யாருக்கு, மேலே உயர்த்த யாருக்கு உரிமை, மழைநீர் எப்பக்கம் வடியும் என்பவற்றை எழுதி, அளவுப் படத்தையும் இணையுங்கள். நிலத்தின் மீது உரிமையை உண்டாக்கும் ஆவணம் 100 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைப்பது போதாது. பதிவான ஆவணத்தின் நகல் ஒன்று இரு வீட்டுக் கிரயப் பத்திரங்களோடும் இருக்கட்டும். வீட்டை ஆள்கின்ற பெண்கள் அந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று அறிந்து வைத்திருக்கட்டும். சுவரைப் பற்றிய கேள்வி எழும் நாளில் ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை.