மங்கிய கல்லுக்கு மெருகு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. அவ்வூர் மல்லிநாதர் ஆலயத்துப் பாறையிலே பாகுபலியும் பார்சுவநாதரும் அம்பிகா யக்ஷியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கொலுவிருக்கிறார்கள். கல்லில் செய்தது நிலைக்கும் என்ற இந்த நம்பிக்கையில்தான் நாமும் ஸ்நான அறையில் முகம் கழுவும் தொட்டியைச் சுற்றிக் கறுப்புக் கிரானைட் பலகை பதிக்கிறோம். இரண்டே வருஷத்தில் அது சாம்பல் பூசிக்கொண்டு நிற்கிறது! கடைக்காரன் மட்டக் கல்லைத் தலையில் கட்டிவிட்டான் என்கிறார் வீட்டு எஜமானர். துலக்குவதற்கு ஆளில்லை என்கிறாள் எஜமானி. பெரும்பாலும் இருவர் கட்சியும் தவறு. கல்லின் மெருகு எங்கும் போகவில்லை. அதன்மேல் ஒரு திரை விழுந்திருக்கிறது.

அந்தப் பலகை நம் பக்கத்துச் சரக்காகவே இருக்கலாம். திண்டிவனம் வட்டாரத்துக் குன்னத்தின் பெயரைத் தாங்கிய ‘குன்னம் கறுப்பு’ கடல் கடந்து விலை போகிற கல். வியாபாரத்தில்தான் இத்தகைய கறுங்கல்லுக்குக் கிரானைட் என்று பெயர். நிலநூல் வல்லார் டோலரைட் என்றும் காப்ரோ என்றும் சொல்லுவார்கள். வைரத்துக்குப் பத்து என்று வைத்த கடினக் கணக்கில் இது ஏறக்குறைய ஆறு, சலவைக்கல் மூன்றுதான். சோப்பும் துணியும் தேய்த்து இதன் மெருகு தேய்ந்துவிடாது.

அப்படியானால் திரை எது? நம் கிணற்று நீரும் ஆழ்துளைக் குழாய் நீரும் பல இடங்களில் சுண்ணம் கரைந்தவை. பலகையில் நின்ற நீர் ஆவியாய்ப் போக, சுண்ணம் தங்குகிறது. அத்துடன் சோப்பு கூடிப் பிசுக்காகிறது. நீரை வடிகட்டிப் பருகுவது சமணர் ஆசாரம். சிற்றுயிரைக் காக்க அது போதும். ஆனால் கரைந்த சுண்ணம் எந்தத் துணியிலும் நிற்பதில்லை.

ஆகையால் எதையும் வாங்குமுன் ஒரு பரீக்ஷை. காலணா அளவு இடத்தை நீரால் நன்கு நனைத்து, புது சவரத் தகட்டைப் பலகையோடு படுக்க வைத்து மெல்லச் சுரண்டுங்கள். அடியில் பளபளப்புத் தெரிந்தால் கவலை தீர்ந்தது. இது கறுங்கல்லுக்கு மட்டுமே. சலவைக்கல்லில் தகடு கீறிவிடும். எந்தக் கல் என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். அந்த இடம் மங்கினால் அது சலவைக்கல் இனம். அதன்பின் எலுமிச்சை, புளி, காடி எதையும் அதன் அருகே அண்டவிடலாகாது.

திரையை நீக்கும் வேலைக்குப் பொறுமைதான் செலவு. வெந்நீரில் தோய்த்த துணியைப் பலகைமேல் கால் மணி நேரம் விரித்து வையுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் கொண்டு துடைத்து, மீந்த படிவுக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி மெல்லிய துணியால் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம். அந்நிய மொழியில் முகவரி எழுதிய புட்டிகளும் வேண்டாம். நம் மண்ணின் கல்லைத் துடைக்க வெளியூர்த் திரவியம் எதற்கு?

கழிப்பறை கழுவும் அமிலத்தை இங்கே கொண்டுவருகிறவர்களைக் கண்டால் நமக்கு நடுக்கமே உண்டாகிறது. அது கல் இடுக்கில் அடைத்த சிமிட்டியை அரிக்கும். குழாயின் முலாமைக் கறுக்கச் செய்யும். போதாததற்குப் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு எழும்பும். முதல் உலக யுத்தத்தில் 1915-ஆம் வருஷம் ஈப்ரே களத்தில் போர்வீரர்களை மாய்த்த வாயு அதுவே. கதவடைத்த சிறிய ஸ்நான அறையில் அதைத் தயாரிப்பானேன்?

சிலர் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். சிலர் பூட்ஸ் பாலிஷ் பூசுகிறார்கள். ஒரு நாள் கூத்துக்குச் சரி. மறுநாள் சோப்பும் தூசியும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, முன்னிலும் மோசமாகும்.

சுரண்டிப் பார்த்தும் பளபளப்பு இல்லையென்றால் மெருகு உண்மையிலேயே கெட்டிருக்கிறது. கண்ணாடிபோல் சமமான முகத்தில் நுண்ணிய கீறல்கள் விழுந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. அவற்றைவிட நுண்ணிய கீறல்களாக மாற்றிக்கொண்டே போவதுதான் மெருகிடும் வித்தை. வைரத்தூள் பதித்த கைப்பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன: 400, 800, 1500, 3000 என்று எண் ஏற ஏற நயம் கூடும். சிறு இடமானால் வீட்டிலேயே ஒவ்வொன்றாய்த் தேய்க்கலாம். ஓர் எண்ணைத் தாண்டினால் அதன் கீறல் கடைசி வரை நிற்கும். முழுப் பலகைக்கு இயந்திரம் வேண்டும். நீரும் மின்சாரமும் சேரும் அவ்வேலையைத் தொழிலாளியிடம் விடுவதே புத்தி.

கையானாலும் இயந்திரமானாலும் நீர் ஊற்றியே தேய்க்க வேண்டும். வறண்ட கல்தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் தங்கிச் சிலிகோஸிஸ் என்னும் நோயை உண்டாக்கும். வந்தபின் அதைக் குணமாக்க மருந்தில்லை. கல் உடைப்போரையும் அறுப்போரையும் அது வாட்டிவருகிறது. நம் வீட்டுக்கு வரும் தொழிலாளி, நீர் ஊற்றினால் சேறாகும் என்று உலர்ந்தே தேய்க்க முற்பட்டால் தடுத்துவிடுங்கள். சேற்றை அரை மணியில் கழுவிவிடலாம்.

மெருகு திரும்பியபின், குளித்து வருகிறவர் கடைசியாகப் பலகையை உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு வரட்டும். குழாயடியில் ஒரு பழைய வேஷ்டித் துண்டைத் தொங்கவிட்டால் போதும்.