குடிக்கிறது அவர், வைத்தியம் பார்க்கிறது அவங்களா?

“சார், அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்குற மாத்திரை எழுதிக் குடுங்க.”

ஓபியில் இதை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர் மனைவி. துணைக்கு வந்திருப்பவர் அம்மா. குடிக்கிறவர் வரமாட்டார்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். டைசல்ஃபிரம் மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு உயிரே போகலாம். அவர் சம்மதித்து, பரிசோதனைகள் பார்த்த பிறகுதான் தருவோம்.

சரி, புருஷனைத் திருத்துவது பொண்டாட்டி வேலைன்னு யார் சொல்லிக் குடுத்தது?

நம்ம சினிமாவும்தாங்க. குடிகாரன் தள்ளாடுவான், உளறுவான், தியேட்டரே சிரிக்கும். மனைவி ஒண்ணு துடைப்பத்தோட நிப்பா, இல்லன்னா அழுதே அவனைத் திருத்துவா. திருந்தலையா? அவளுக்கு சாமர்த்தியம் போதலை! ஓரத்தில் வரும் எச்சரிக்கை வாசகமும் அவன் உடம்பைப் பற்றித்தான். அவ உடம்பு?

தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21), கணவர் அடிக்கடி குடித்துப் போதையாகும் பெண்களில் 100க்கு சுமார் 70 பேர் அவர் கையால் வன்முறையை அனுபவித்தவர்கள். இதுல காமெடி எங்க இருக்கு?

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ பாருங்க. 2021ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். தாய்வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார் ஒரு குடிகார அப்பா. மதுரைப் பக்கத்து வெயிலில் நடை, நடை, நடை. அந்த அம்மா ஏன் போனாங்கன்னு யாரும் வசனம் பேசி விளக்கலை. பையன் அப்பாவை விட்டு எவ்வளவு தள்ளி நடக்கிறான்னு கவனிங்க, போதும். ‘படம் மெதுவா போகுது’ என்றார் என் நண்பர் (அவரும் டாக்டர்தான்!). குடிக்கிறவர் வீட்டில் சாயங்காலம் அவ்வளவு மெதுவாகத்தான் போகும் சார்.

இன்னொரு ஆபத்து: பாட்டிலைக் கொட்டிவிட்டு, ஆளை அறையில் போட்டுப் பூட்டுவது. தினமும் நிறைய குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் ரெண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்து புத்தி தடுமாறும் ஜன்னியும் வரலாம். மருத்துவக் கண்காணிப்பு வேணும்.

உண்மையைச் சொன்னா, “அவரை எப்படியாவது கூட்டிட்டு வாங்கம்மா”ன்னு நானும் அந்தப் பெண்ணிடம்தான் சொல்லி அனுப்பிக்கிட்டிருந்தேன். இப்ப மாத்திக்கிட்டேன். அவர் அண்ணன், தம்பி, அப்பா நம்பரை வாங்கி நானே கூப்பிடறேன். பாதிப்பேர் போன் எடுக்கறதில்ல.

இதைப் படிக்கிற அண்ணன் தம்பிகளே, போனை எடுங்க. ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. அடி வாங்குற வீடுன்னா பெண்கள் உதவி எண் 181.