வீட்டு விலையைத் தாண்டிய கடன்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு மடல்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் திரு. சஞ்சய் மல்ஹோத்ரா அவர்களுக்கு,

2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி டிசம்பரில் 5.25 சதவீதமாக இறங்கியது. அந்தக் குறைப்பு எட்டிப் பார்க்காத வீடுகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கின்றன. அவற்றுக்காக எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டு இல்லாத கொத்தனாரும் கடைக்காரரும் அப்ரூவல் இல்லாத மனையில் கட்டிய வீடுகள் அவை. வங்கி கைவிரித்தது, தனியார் வீட்டுக்கடன் நிறுவனம் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தது. மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் வந்த விதி வங்கிகளுக்கு மட்டுமே. பின்னாளில் தமிழக அரசின் 2017 வரன்முறைத் திட்டத்தில் மனையை முறைப்படுத்தியவர்கள் வங்கிக்கு மாறலாமே என்பீர்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்று ரிசர்வ் வங்கியே வழி திறந்திருக்கிறது. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. வெள்ளம் புகுந்த வீட்டுக்கு மதிப்பீட்டாளர் குறைத்துத்தானே எழுதுவார்?

ஒரு கணக்கு பாருங்கள். 15 லட்சம் கடன், 14 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 20,000 வீதம் நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 13.4 லட்சம் பாக்கி நிற்கும். வீட்டின் மதிப்பு 12 லட்சம் என்றால் விதிப்படி வங்கி அதில் 90 சதவீதம், அதாவது 10.8 லட்சம்தான் தரமுடியும். மீதி 2.6 லட்சத்துக்குக் கடன் வாங்கியவர் எங்கே போவார்? மாற முடிந்தால், 9 சதவீத வட்டியில் மாதத் தவணை 16,000 ஆகும். 20,000 கட்டுகிறவரை 16,000 கட்டத் தகுதியில்லை என்று ஒதுக்குவது எந்த நியாயம்?

தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். பிறகு சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், ஏலம். ஏலத் தொகை போதாவிட்டால் பாக்கிக் கடன் அவரைத் துரத்தும்.

அமெரிக்காவில் 2009இல் ‘ஹார்ப்’ திட்டம் வந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், வீட்டு விலையை விடக் கடன் அதிகமானாலும் குறைந்த வட்டிக்கு மாறலாம் என்றார்கள். 2018இல் முடியும்வரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் அந்தத் திட்டத்தில் மாறின. அந்தக் கடன்களுக்கு அரசுசார் நிறுவனங்கள் ஏற்கெனவே பொறுப்பேற்றிருந்தன. இங்கே புதிய வங்கி புதிதாக ஆபத்தைச் சுமக்க வேண்டும் என்பது உண்மை. பற்றாக்குறைத் தொகைக்கு மட்டும் தேசிய வீட்டுவசதி வங்கி உத்தரவாதம் தரட்டும்.

கூடுதலாக ஒரு ரூபாய் கேட்காமல், பழைய பாக்கியை மட்டும் மாற்றக் கேட்கிறவருக்கு 90 சதவீத வரம்பைத் தளர்த்துங்கள். இரண்டு ஆண்டுகள் தவறாமல் கட்டியதையே தகுதியாகக் கொள்ளுங்கள். வீட்டுக்கடன் நிறுவனங்களின் மாறும் வட்டியையும் ரெப்போவோடு கட்டுங்கள். அடுத்த நாணயக் கொள்கை அறிக்கையிலேயே இதை அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து ஒரு குடிமகன்