கீசர் உங்களுடையது, சுவர் யாருடையது?

திருப்பதியில் வாடகைக்கு வீடு தேடுபவர் கேட்கும் கேள்விகள் அநேகமாக நான்குதான். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் எப்போது வரும், அசைவம் சமைக்கலாமா? 1954இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் முதல் 2015இல் வந்த ஐஐடி வரை கல்வி நிறுவனங்கள் பெருகிய ஊர் இது. மாணவர்களை நம்பியே மாடிக்கு மேல் மாடியாகப் போர்ஷன்கள் எழுந்திருக்கின்றன. சித்தூரிலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. மிஞ்சிய மூலையெல்லாம் குளியலறை. அதற்குள் ஒரு கேஸ் கீசர் இருந்தால் கூடுதல் வசதி. அங்கிருந்து காற்று எந்த வழியாக வெளியேறும் என்ற ஐந்தாவது கேள்வியைக் கேட்பவர் அபூர்வம்.

கேட்டாக வேண்டிய கேள்வி அது. சமையல் எரிவாயு தாராளமான காற்றில் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். காற்று போதாத சிறிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் நெடி, எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. எரிந்து முடிந்த பின் பிறக்கும் விஷத்தில் அந்த நெடி இருக்காது. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி. உள்ளே தாழிட்டுக் குளிப்பவருக்குக் கதவைத் திறக்கும் பலம்கூட இருக்காது.

மார்கழியில் குப்பம், பலமனேர் பக்கம் குளிர் இறங்கும்போது வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த அறை என்ன செய்யும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற ஊரில், கேஸ் ஹீட்டர் எரிந்த விடுதி அறையில் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் அருகே, கரி அடுப்பை விடுதி அறைக்குள் வைத்துத் தூங்கிய இருவர் எழுந்திருக்கவில்லை. இரண்டுமே காசு கொடுத்துத் தங்கிய அறைகள். அங்கே சுவரும் ஜன்னலும் தங்கியவர்களுடையவை அல்ல.

வாடகை வீட்டின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய், மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது ஆகியவை குடியிருப்பவருக்கு. வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் குடியிருப்பவர் கட்டடத்தில் மாற்றம் செய்யவும் கூடாது. ஆக, கீசருக்குப் பொறுப்பாளி ஒருவர்; புகை போக வேண்டிய சுவருக்கு உடைமையாளர் இன்னொருவர். விஷவாயு இந்த இருவருக்கும் நடுவே பிறக்கிறது. காற்றுவழி என்ற சொல்லோ எச்சரிக்கைக் கருவி என்ற சொல்லோ இரு பட்டியலிலும் இல்லை. உயிர் போன பிறகு சட்டம் விழித்துக்கொள்ளும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

இங்கிலாந்து இந்த இடைவெளியை முன்கூட்டியே அடைக்கப் பார்த்தது. வாடகை வீட்டில் உள்ள தமது எரிவாயு சாதனங்களை வீட்டுக்காரர் ஆண்டுதோறும் பதிவுபெற்ற மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். சோதனைச் சான்றின் நகலைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். விறகு, நிலக்கரி எரியும் அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2015 அக்டோபரில் கட்டாயமானது. 2022 அக்டோபரிலிருந்து, சமையல் அடுப்பு நீங்கலாக, பொருத்தப்பட்ட எரிவாயு சாதனம் உள்ள அறைகளுக்கும் இது பொருந்துகிறது. குடிவரும் முதல் நாளில் அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரர் வேலை. உத்தரவு வந்தும் செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம்.

அதை அப்படியே இங்கே பெயர்த்து வைத்தால் போதாது. அலாரம் நீராவியில் கெட்டுவிடும் என்பதால் பொதுவாகக் குளியலறைக்குள் மாட்டுவதில்லை. வெளியே மாட்டினால், உள்ளே இருப்பவருக்கு அது தாமதமாகவே குரல் கொடுக்கும். கடையில் கிடைக்கும் எரிவாயுக் கசிவு அலாரம் வேறு, இது வேறு என்பதையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும். நம் வீடுகளுக்கு முதல் மருந்து, கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, சுடுநீரைக் குழாயில் உள்ளே கொண்டுவருவதுதான். அதற்குச் சுவரைத் துளைக்க வேண்டும். துளைக்கும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அது முடியும்வரை பக்கெட்டை வெளியே நிரப்பி, கீசரை அணைத்துவிட்டுக் குளிக்கலாம்.

யாராவது மயங்கிவிட்டால் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும். கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் வீடுதோறும் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை இதில் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டிவிடும்.

வாடகைச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆந்திரமும் தமிழ்நாடும் தங்கள் சட்டங்களை ஏற்கெனவே புதுப்பித்தவை. வீட்டுக்காரர் பட்டியலில் ‘காற்றுவழி’ என்ற சொல்லைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. அதுவரை பதினொரு மாத ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்று அதில் தவறாமல் எழுதுகிறார்கள். கீசர் எங்கே இருக்கும், புகை எந்த வழியே போகும், அலாரம் யார் செலவு என்று எழுத இன்னும் மூன்று வரி போதும்.