படத்தில் இல்லாத வேம்பு

தங்கை வீடு கட்டுகிறாள். இந்த வாரம் எஞ்சினியர் அலுவலகத்திலிருந்து எலிவேஷன் படம் வந்தது. பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மனையின் மேற்கு ஓரத்தில் அப்பா வைத்த வேம்பு நிற்கிறது. படத்தில் அதைக் காணோம். அதற்குப் பதில், பனி பெய்யும் தேசத்து ஊசியிலை மரங்கள் இரண்டு வாசலில் நிற்கின்றன. உடனே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"மனை போட்டோவை வீட்டு வடிவத்துக்கு கிளிப் பண்ணினப்போ மரம் வெளியே போயிடுச்சு சார். இடம் வெறிச்சுனு இருந்துச்சு, அதான் ரெண்டு மரம் வச்சோம். சும்மா அழகுக்குத்தான்" என்றார் படம் வரைந்த பையன்.

வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் இமேஜ்கிளிப் என்றொரு கட்டளை உண்டு. படத்தைத் தொட்டு, பாலிகோனல் என்பதைத் தேர்ந்து, வேண்டிய விளிம்பில் புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போனால், அந்த எல்லைக்குள் இருப்பது மட்டும் தெரியும். மற்றது மறையுமே தவிர அழியாது. எல்லையை நீக்கினால் முழுப் படமும் திரும்பிவிடும். உள்ளே இருப்பதை மறைத்து வெளியே இருப்பதைக் காட்டவும் வழியுண்டு. நல்ல கருவிதான். ஆனால் எல்லைக்கோடு நேர்த்துண்டுகளாகவே இருக்க வேண்டும், வளைவை அது ஏற்காது. சுவருக்கும் கூரைக்கும் சில சொடுக்குகள் போதும். வேம்பின் தலையைச் சுற்றிவரப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் பின்னணி நீக்கிய ரெடிமேட் மரம் வந்து உட்காருகிறது.

கணினிக் கோப்பில் வேம்பு பத்திரமாக மறைந்திருக்கிறது, சரி. மனையைச் சுத்தம் செய்ய வருகிறவர் கையில் இருக்கப்போவது அந்தப் படம் அல்லவா? அதில் மரம் இல்லையென்றால் அவர் எதற்காக ஒதுங்கிப் போவார்?

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்து வரைபடங்களைக் கட்டடத் துறைப் பிள்ளைகள் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருடைய கட்டடங்களைப் பற்றி 1986-ல் வந்த 'வெள்ளைப் புத்தகம்' என் மேஜையை விட்டு நகர்வதில்லை. அறுபதுகளில் லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்ற இளைஞர்கள் அந்த அலுவலகத்தில் ஒரு வரைமுறையை உருவாக்கினார்கள். சுவரை எவ்வளவு கவனமாக வரைந்தார்களோ அவ்வளவு கவனமாக மரத்தையும் வரைந்தார்கள். பொதுவான பச்சைக் குமிழ் கிடையாது. தென்னை தென்னையாக இருக்கும். ஃபிராஞ்சிபானி எனும் கோயில் பூ மரத்தின் கிளை அதற்கே உரிய முடிச்சோடு திரும்பும். என்ன மரம் என்று இலையை வைத்தே சொல்லிவிடலாம். சேனாநாயக்க ஓவியர். 1979-ல் இலங்கை வெளியிட்ட, பறவைகளும் விலங்குகளும் செடிகொடிகளும் நிறைந்த பணத்தாள்களை வடிவமைத்தவரும் அவரே. ஒரு நாட்டின் பணத்தில் பறவை வரைந்த கை வீட்டு பிளானிலும் மரம் வரைந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

இப்படி வரைவதை வெறும் அலங்காரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது; மனையில் இருப்பதை வைத்தே அங்கே வீடு அமைந்தது. பொலொன்தலாவ தோட்ட பங்களாவுக்காகப் பாவாவும் அவருடன் பணியாற்றிய கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் அந்த மனையில் கிடந்த பெரும்பாறைகளுக்கு நடுவில் குச்சி நட்டுக் கயிறு கட்டியே வீட்டின் அமைப்பை முடிவுசெய்தார்கள். பாறைகள் இருந்த இடத்திலேயே இருக்க, கூரை அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெந்தோட்டைக்கு அருகே தன் லுனுகங்கா தோட்டத்தில், கோயில் பூ மரத்தின் கிளைகளில் பாரம் தொங்கவிட்டு, தான் விரும்பிய பக்கம் அவற்றைப் படரவைத்தார் பாவா. அவருக்கு மரமும் கட்டடத்தின் ஓர் உறுப்பு.

நம் கட்டடக்கலைக் கல்லூரிகள் முதலாண்டில் ஒரு பருவம் முழுவதையும் மரம் வரைவதற்கென ஒதுக்கட்டும். மவுஸைத் தொடுவதற்கு முன் வேம்பு, புங்கை, பூவரசு மூன்றையும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அடிமரத்தின் சுற்றளவு, முதல் கிளை பிரியும் உயரம், மாலை நான்கு மணிக்கு நிழல் விழும் தூரம், இவ்வளவையும் டேப் பிடித்து அளந்து ஓரத்தில் எழுதினால்தான் மதிப்பெண்.